வைஃபை எந்தப் படியில் நிற்கிறது?

லினக்ஸ் லேப்டாப்பில் "வைஃபை வேலை செய்யல" என்று ஒருத்தர் சொன்னால், அதற்கு ஒரே ஒரு அர்த்தம் கிடையாது. மேலே வைஃபை ஐகானையே காணோம் என்பவரும் அதைத்தான் சொல்கிறார். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது, நம்ம வீட்டுது மட்டும் தெரியல என்பவரும் அதைத்தான் சொல்கிறார். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கு என்பவர், இணைஞ்சிருச்சுன்னு காட்டுது ஆனா ஒரு பக்கமும் திறக்கல என்பவர், எல்லாருக்கும் அதே வாக்கியம்தான். இவை நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் குணமாகாது. சில சமயம் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும்.

இணையத்தில் தேடினால் அடிக்கடி கண்ணில் படுகிற அறிவுரை, "இந்தக் கருவியை நீக்கு, அந்தக் கருவியைப் போடு" என்பதுதான். நெட்வொர்க்மேனேஜரைத் தூக்கிட்டு விக்ட் போடு, விக்டைத் தூக்கிட்டு கான்மேன் போடு, இப்படி. ஆனால் நான் பார்த்த வரைக்கும் கோளாறு பெரும்பாலும் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அதற்குக் கீழேயோ மேலேயோ, அல்லது அதோடு சண்டை போடுகிற இன்னொரு கருவியிலோ இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பு சொல்ல வருவது ஒன்றுதான்: கருவியை மாற்றுவதற்கு முன்னால், வைஃபை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடிக்கணும். மாற்றம் செய்கிற கட்டளைகளுக்கு முன்னால் சூடோ சேர்த்துக்கொள்ளுங்கள்.)

யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள்

லேப்டாப்புக்குள் இருக்கிற வைஃபை கார்டு ஒரு சின்ன ரேடியோ. அதை ஓட்டுவது கெர்னலில் இருக்கிற டிரைவர். கார்டுக்குள்ளேயே ஓடுகிற நிரல் ஃபர்ம்வேர். அதை ஒவ்வொரு முறை லேப்டாப் கிளம்பும்போதும் டிரைவர் கார்டுக்குள் ஏற்றுகிறது. ரூட்டரிடம் பாஸ்வேர்டு பேசிச் சம்மதம் வாங்குவது சப்ளிகன்ட் என்கிற நிரல். யோனி மாலினென் எழுதிய டபிள்யூபிஏ சப்ளிகன்ட் ரொம்ப காலமாக இந்த வேலையைச் செய்துவருகிறது. இன்டெல் உருவாக்கிய ஐடபிள்யூடி அதற்கு ஒரு மாற்று. 2019-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது.

இவர்கள் எல்லாருக்கும் மேலே மேலாளர் ஒருவர். எந்த வைஃபையோடு சேரணும், பாஸ்வேர்டு எங்கே இருக்கு, ஐபி முகவரி யாரிடம் வாங்கணும், கேபிள் செருகினால் எதை விடணும் என்றெல்லாம் முடிவு பண்ணுவது அவர்தான். ரெட் ஹாட் 2004-ல் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜர்தான் இன்று உபுண்டு, ஃபெடோரா, மின்ட் போன்றவற்றின் டெஸ்க்டாப்பில் அந்த இடத்தில் இருக்கிறது. நீங்கள் சொடுக்குகிற ஐகான் மேலாளர்கூட இல்லை, மேலாளரின் அறைக்கதவு. ஐகான் காணாமல் போனதால் மேலாளர் செத்துப்போனதாக ஆகாது. டெர்மினலில் என்எம்டியுஐ என்று அடித்துப் பாருங்கள். அம்புக்குறி விசைகளிலேயே வைஃபையைத் தேர்ந்தெடுத்து இணைக்கிற பட்டியல் வரும். அது வேலை செய்தால் போனது ஐகான் மட்டும்தான்.

தொடங்கும் முன் ஒரு மாற்று வழி

வைஃபை சரி பண்ணுவதில் உள்ள பெரிய ஆபத்து இது: சரி பண்ணத் தேவையான பேக்கேஜ் இணையத்தில் இருக்கிறது, உங்களுக்கு இணையம் இல்லை. அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் இன்னொரு வழியைத் திறந்து வையுங்கள். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். இதற்கான டிரைவர் கெர்னலிலேயே வருகிறது. பெரும்பாலான லேப்டாப்பில் கேபிள் இணைப்பு போலச் சில நொடிகளில் இணையம் வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாக இருந்தால் வராது, டேட்டாவும் போகிற கேபிள் வேணும். லேன் கேபிள் இருந்தால் இன்னும் நல்லது.

இணையம் வேறு வழியில் வருகிறது என்று தெரிந்தால், இன்னொரு விஷயமும் தெரிந்துவிட்டது: மேலாளர் உயிரோடு இருக்கிறார், கோளாறு வைஃபை பக்கத்தில்தான்.

முதல் படி: ஸ்விட்ச்

ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடியுங்கள். வயர்லெஸ் லேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே சாஃப்ட் பிளாக்டு, ஹார்டு பிளாக்டு என்று இரண்டு வரி வரும். இரண்டிலும் நோ என்று இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

சாஃப்ட் பிளாக்டு யெஸ் என்றால் மென்பொருளால் அணைத்திருக்கிறது. ஏர்பிளேன் மோடு கை பட்டு விழுந்திருக்கலாம். ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்றால் திறந்துவிடும். ஹார்டு பிளாக்டு யெஸ் என்றால் எந்தக் கட்டளையாலும் திறக்காது. பழைய லேப்டாப்பில் ஓரத்தில் ஒரு தள்ளு ஸ்விட்ச் இருக்கும். மற்றவற்றில் எஃப்என் விசையோடு ஆண்டெனா படம் போட்ட விசை. சிலவற்றில் பயாஸுக்குள் போய்த்தான் திறக்கணும். ஸ்விட்சே இல்லாத சில மாடலில் கூட ஹார்டு பிளாக்டு என்று காட்டும். அங்கே அந்த லேப்டாப்பின் விசைகளுக்கான கெர்னல் மாட்யூல் தப்பாகப் புரிந்துகொண்டு காட்டுவதும் உண்டு.

ஒருத்தர் நெட்வொர்க்மேனேஜரை மூன்று முறை நீக்கி நிறுவியும் சரியாகாமல், கடைசியில் பார்த்தால் ஓரத்து ஸ்விட்ச் அணைந்திருந்தது என்ற கதை லினக்ஸ் வட்டாரத்தில் ரொம்பப் பழசு. சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இந்தப் படியைப் பார்க்க ஐந்து நொடிதான் ஆகும், அதனால் இதுதான் முதலில்.

ஆர்எஃப்கில் பட்டியலில் வயர்லெஸ் லேன் என்ற வரியே இல்லையா? அப்போது கெர்னலுக்கு அப்படி ஒரு கார்டு இருப்பதே தெரியவில்லை. அடுத்த படிக்கு வாங்க.

இரண்டாம் படி: டிரைவரும் ஃபர்ம்வேரும்

எல்எஸ்பிசிஐ என்று அடித்து, இடம் விட்டு, கழித்தல் குறியோடு கே சேருங்கள். சாதனங்களின் பட்டியல் வரும். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைத் தேடி, அதற்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டிரைவர் பிடித்திருக்கிறது. இல்லையென்றால் கார்டு அனாதையாக நிற்கிறது. யுஎஸ்பி வைஃபை குச்சி என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்று பார்க்கணும்.

டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இல்லாமல் போவது ரொம்பச் சாதாரணம். டிமெஸ்ஜி என்று அடித்தால் கெர்னல் சொன்னதெல்லாம் வரும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். "ஃபெயில்டு டு லோட்" என்ற மாதிரி ஒரு வரியும், கோப்பின் பெயரும் இருந்தால் விடை கையில் கிடைத்துவிட்டது: அந்தக் கோப்பு அடங்கிய பேக்கேஜை நிறுவணும், அவ்வளவுதான்.

டெபியனில் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஃபர்ம்வேர் கோப்புகளுக்கு மூலநிரல் கிடையாது. அதனால் அவை கட்டற்றவை அல்ல என்று டெபியன் தன் நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்க்காமலே பல வருஷம் இருந்தது. கொள்கை சரிதான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு முதல் நாளே வைஃபை இல்லை. 2022-ல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி இதை மாற்றினார்கள். 2023-ல் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் நிறுவல் வட்டிலேயே வருகிறது. அதற்கு முந்தைய டெபியனை வைத்திருந்தால் நான்-ஃப்ரீ பகுதியைத் திறந்து, இன்டெல் கார்டு என்றால் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை என்ற பேக்கேஜைப் போடணும்.

இந்தப் படியில் இன்னும் இரண்டு பொறி. ஒன்று செக்யூர் பூட். தனியாக நிறுவுகிற டிரைவருக்கு (சில பிராட்காம் கார்டுகளுக்குத் தேவைப்படும் டபிள்யூஎல் டிரைவர் போல) கையெழுத்து இல்லையென்றால், செக்யூர் பூட் போட்ட லேப்டாப்பில் கெர்னல் அதை ஏற்றுக்கொள்ளாது. நிறுவல் நல்லபடியா முடிஞ்சுதே என்று நீங்கள் நினைப்பீர்கள், டிரைவர் மட்டும் ஓடாது. இரண்டாவது, விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் லேப்டாப்பை முழுசாக அணைப்பதில்லை. கார்டு அரைத்தூக்கத்திலேயே இருக்கும்போது லினக்ஸ் கிளம்பினால் டிரைவர் தடுமாறும். விண்டோஸிலிருந்து வந்தால் வைஃபை இல்லை, லினக்ஸிலிருந்தே ரீபூட் பண்ணினால் இருக்கு என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படணும். அந்த வசதியை விண்டோஸில் அணைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கார்டு, ஒரு மேலாளர்

என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ் என்று அடியுங்கள். வைஃபை கார்டின் பெயரும் நிலையும் வரும். பெயர் டபிள்யூலேன்0 என்றோ, டபிள்யூஎல்பி3எஸ்0 என்ற மாதிரியோ இருக்கும். இரண்டாவது வகையில் டபிள்யூஎல் என்றால் வைஃபை, பி3 என்றால் பிசிஐ பஸ் எண், எஸ்0 என்றால் அதிலுள்ள இடம். சிஸ்டம்டி 2013-ல் கொண்டுவந்த பெயரிடும் முறை இது. பழைய கட்டுரைகளில் டபிள்யூலேன்0 என்று போட்டிருக்கும் இடத்தில் உங்கள் கார்டின் பெயரைப் போடணும். அப்படியே நகலெடுத்து ஒட்டினால் "அப்படி ஒரு சாதனம் இல்லை" என்றுதான் பதில் வரும்.

நிலையில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். டிஸ்கனெக்டடு என்றால் மேலாளர் தயார், இணைப்பு மட்டும் இல்லை. அடுத்த படிக்குப் போகலாம். அன்அவெய்லபிள் என்றால் மேலாளருக்குக் கார்டு தெரிகிறது, பயன்படுத்த முடியவில்லை. ஸ்விட்ச் அணைந்திருக்கலாம், ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம், சப்ளிகன்ட் ஓடாமல் இருக்கலாம். அன்மேனேஜ்டு என்றால்? "இது என் பொறுப்பு இல்லை, வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்" என்று நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கி நிற்கிறது.

இந்த அன்மேனேஜ்டுதான் நிறைய பேரைக் குழப்புகிறது. டெபியனில் இதற்குப் பொதுவான காரணம், இடிசி அடைவுக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கிற இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பு. அதில் வைஃபை கார்டின் பெயர் எழுதியிருந்தால், அந்தக் கார்டை பழைய இஃப்அப்டவுன் முறை பார்த்துக்கொள்ளட்டும் என்று நெட்வொர்க்மேனேஜர் கையை எடுத்துவிடும். உபுண்டு சர்வரை நிறுவிவிட்டு அதன்மேல் டெஸ்க்டாப்பைப் போட்டவர்களுக்கும் இதே கதை. அங்கே நெட்பிளான் கோப்பில் ரெண்டரர் என்ற இடத்தில் நெட்வொர்க்டி என்று இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அதை நெட்வொர்க்மேனேஜர் என்று மாற்றணும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், முதுகலை கடைசி வருஷம். டெபியனை வைஃபை வழியாகவே, டெஸ்க்டாப் இல்லாமல், சின்னதாக நிறுவியிருக்கிறான். அப்படி நிறுவும்போது வைஃபை விவரத்தை நிறுவியே இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிவிடும். பிறகு டெஸ்க்டாப்பைப் போட்டிருக்கிறான். ஹாஸ்டல் அறையில் எல்லாம் ஓடியது. ஏனென்றால் அந்தக் கோப்பில் இருந்தது ஹாஸ்டல் வைஃபைதான். லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் வீட்டு வைஃபையில் சேர முடியவில்லை, ஐகானில் பட்டியலே வரவில்லை. ஏதோ பத்து வருஷத்துக்கு முந்தைய அறிவுரையைப் படித்துவிட்டு நெட்வொர்க்மேனேஜரை அடியோடு நீக்கியிருக்கிறான், விக்ட் போடலாம் என்று. விக்ட் பைத்தான் 2-ல் எழுதப்பட்டது. டெபியன் 11-லிருந்து அது கிடையாது. சரி, பழையதையே திரும்பப் போடலாம் என்றால் இணையம் இல்லை. ஆய்வேட்டின் நான்கு அத்தியாயம் அந்த லேப்டாப்பில், வேறு எங்கேயும் நகல் இல்லை. "அண்ணா, ஃபார்மேட் பண்ணிட்டு மறுபடி போட்டுர்றேன், வேற வழியில்ல" என்று போன் பண்ணினான்.

முதலில் ஆய்வேட்டை பென் டிரைவில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு போனைச் செருகி யுஎஸ்பி டெதரிங். மேலாளர்தான் நீக்கப்பட்டாயிற்றே, தானாக ஐபி கிடைக்காது. அதனால் ஐபி லிங்க் என்று அடித்துப் புதிதாக வந்த கார்டின் பெயரைப் பார்த்து, டிஹெச்கிளையன்ட் என்ற கட்டளைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைக் கொடுத்தால், போன் ஒரு முகவரி தரும். தந்தது. நெட்வொர்க்மேனேஜரைத் திரும்ப நிறுவினோம். இன்டர்ஃபேசஸ் கோப்பில் வைஃபை கார்டைப் பற்றிய வரிகளின் முன்னால் ஹாஷ் குறி போட்டு, லூப்பேக் வரிகளை மட்டும் அப்படியே விட்டோம். லேப்டாப்பை ரீபூட் பண்ணியதும் பட்டியல் வந்தது. மொத்தம் இருபது நிமிஷம். கோளாறு அந்தக் கோப்பின் சில வரிதான். ஃபார்மேட் பண்ணியிருந்தால் போயிருக்கப் போவது ஒரு வருஷ உழைப்பு.

இந்தப் படியில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த மேலாளர் நல்லவர்?" என்பதல்ல, "எத்தனை மேலாளர் ஓடுகிறார்கள்?" என்பதுதான். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று அடித்து, பக்கத்தில் நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, கான்மேன், ஐடபிள்யூடி, டபிள்யூபிஏ சப்ளிகன்ட் ஒவ்வொன்றின் சேவைப் பெயரையும் கொடுத்துப் பாருங்கள். (நெட்வொர்க்மேனேஜர் என்பதில் மட்டும் என், எம் இரண்டும் பெரிய எழுத்து.) நெட்வொர்க்மேனேஜரும் டபிள்யூபிஏ சப்ளிகன்டும் சேர்ந்து ஓடுவது சரியான ஜோடி. கேபிளை நெட்வொர்க்டி பார்த்து வைஃபையை நெட்வொர்க்மேனேஜர் பார்ப்பதும் பரவாயில்லை. ஆனால் வைஃபைக்கு நெட்வொர்க்மேனேஜரும் கான்மேனும் சேர்ந்து ஓடினாலோ, டபிள்யூபிஏ சப்ளிகன்டும் ஐடபிள்யூடியும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்தாலோ இணைப்பு வரும், போகும், வரும், போகும். "நல்லா புதுசா ஒண்ணு போட்டேன், அப்பவும் சரியாகல" என்பவர்கள் பழையதை நிறுத்தினார்களா என்று பார்க்கணும். நிறுத்துவதென்றால் டிசேபிள் பண்ணினாலே போதும், பேக்கேஜை நீக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: அலை தெரிகிறதா

என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட். சுற்றியுள்ள வைஃபை எல்லாம் சேனல் எண்ணோடும் சிக்னலோடும் வரும். நம்முடையது மட்டும் இல்லையென்றால் மூன்று காரணம் பார்க்கலாம்.

பழைய லேப்டாப்பில் சில கார்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் அதற்குத் தெரியவே தெரியாது. ஐடபிள்யூ லிஸ்ட் என்று அடித்தால் பேண்டு 1 (2.4), பேண்டு 2 (5) என்று கார்டு எதையெல்லாம் பிடிக்கும் என்று சொல்லும்.

இரண்டாவது சேனல். 2.4-ல் இந்தியாவில் 13 சேனல் வரை பயன்படுத்தலாம், அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைதான். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாவிட்டால் லினக்ஸ் 00 என்ற பொது விதியை வைத்துக்கொண்டு 12, 13 சேனல்களில் வாயைத் திறக்காமல் காதை மட்டும் வைத்துக் கேட்கும். அமெரிக்க விதியில் இருந்தால் அந்தச் சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. ஐடபிள்யூ ரெக் கெட் என்று அடித்து எந்த நாடு என்று பாருங்கள். ஐடபிள்யூ ரெக் செட் என்று அடித்து இந்தியாவுக்கான ஐ, என் இரண்டையும் பெரிய எழுத்தில் கொடுத்து மாற்றலாம். இன்டெல் கார்டுகள் பலவும் நாட்டைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்ளும், நாம் சொல்வதைக் கேட்காது. அதனால் சுலபமான வழி ரூட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைப்பது.

மூன்றாவது, பெயரை மறைத்து வைத்த வைஃபை. அதைப் பட்டியலில் தேடாமல், மறைந்த நெட்வொர்க் என்ற தேர்வில் பெயரை நாமே எழுதிச் சேர்க்கணும்.

பழைய கட்டுரைகளில் ஐடபிள்யூகான்ஃபிக் என்ற கட்டளையைப் பார்ப்பீர்கள். டபிள்யூஇபி காலத்துக் கருவி அது. டபிள்யூபிஏ பாஸ்வேர்டோடு இணைக்க அதால் முடியாது. "ஐடபிள்யூகான்ஃபிக்கில் கீ கொடு" என்று ஒரு அறிவுரை சொன்னால், அது உங்கள் ரூட்டர் பிறப்பதற்கு முன்னால் எழுதியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: பாஸ்வேர்டு

பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வந்தால், எல்லா நேரமும் பாஸ்வேர்டு தப்பு என்று அர்த்தமில்லை. சரிபார்க்கும் இடத்தில் ஏதோ தடங்கல் என்றுதான் அர்த்தம். ஜர்னல்சிடிஎல் என்று அடித்து, கழித்தல் யு, நெட்வொர்க்மேனேஜர், பிறகு கழித்தல் பி கொடுத்தால் இந்த முறை லேப்டாப் கிளம்பியதிலிருந்து மேலாளர் எழுதிய குறிப்பெல்லாம் வரும். அதில் ஸ்டேட் சேஞ்ச் என்ற வரிகளை மட்டும் பாருங்கள். பிரிப்பேர், கான்ஃபிக், நீட்-ஆத், ஐபி-கான்ஃபிக், ஐபி-செக், ஆக்டிவேட்டடு என்று நிலைகள் நகரும். எந்தச் சொல்லுக்குப் பிறகு ஃபெயில்டு வருகிறதோ அங்கேதான் கோளாறு. நீட்-ஆத் வந்து திரும்பத் திரும்ப அங்கேயே நின்றால் பாஸ்வேர்டு படி. ஐபி-கான்ஃபிக்கில் விழுந்தால் பாஸ்வேர்டு சரி, அடுத்த படியைப் பாருங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு பதிவு மிச்சப்படுத்துகிற நேரம் வேறெதுவும் மிச்சப்படுத்தாது.

சப்ளிகன்டின் பதிவில் ராங் கீ என்று வந்தால் பாஸ்வேர்டு தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரூட்டரில் மாற்றியிருப்பார்கள், லேப்டாப்பில் பழசு சேமித்திருக்கும். என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் டெலீட் என்று அந்த வைஃபையின் பெயரைக் கொடுத்து அழித்துவிட்டு மறுபடி சேருங்கள். பாஸ்வேர்டு நிச்சயமாகச் சரி என்றால் ரூட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பழைய கார்டுகளுக்கு அது ஒத்துவராது, டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றணும். சில யுஎஸ்பி குச்சிகளில் வேறு தொல்லை. வைஃபை தேடும்போது கார்டின் உண்மை முகவரியை மறைக்க நெட்வொர்க்மேனேஜர் சும்மா ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். அதை அந்தக் குச்சி தாங்காது. நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்பில், டிவைஸ் பகுதியில், வைஃபை.ஸ்கேன்-ரேண்ட்-மேக்-அட்ரஸ் என்பதற்கு நோ என்று கொடுத்தால் அடங்கும்.

கல்லூரி, அலுவலக வைஃபை என்றால் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் சேர்த்துக் கேட்கும். அங்கே சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கிறது. லேப்டாப் கடிகாரம் தப்பாக இருந்தாலே விழுந்துவிடும். பயாஸ் பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் இது சகஜம், முதலில் தேதியைப் பாருங்கள். இன்னொன்று, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்த பிறகு (உபுண்டுவில் 22.04 முதல்) பழைய பாதுகாப்பு முறையில் பேசுகிற சர்வர்களோடு லினக்ஸ் கை குலுக்க மறுக்கிறது. போனில் சேருது, லேப்டாப்பில் சேரல என்றால் இதையும் யோசிக்கணும்.

ஆறாம் படி: முகவரியும் பெயரும்

இணைந்துவிட்டது என்கிறது, பக்கம் திறக்கவில்லை. மூன்று பிங் போதும். முதலில் ஐபி ரூட் என்று அடித்து டிஃபால்ட் வயா என்ற வரியில் உள்ள ரூட்டர் முகவரியைப் பார்த்து அதற்கு ஒரு பிங். அது போகாவிட்டால் கோளாறு உங்களுக்கும் ரூட்டருக்கும் நடுவில். அந்த வரியே இல்லையென்றால் முகவரி கிடைக்கவில்லை, அல்லது எப்போதோ கையால் கொடுத்த ஐபி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு பிங். ரூட்டர் வரை போகுது, இது போகலைன்னா, இணையச் சேவைக்காரருக்குப் போன் போட வேண்டியதுதான், லேப்டாப்பைத் தொட வேண்டாம். மூன்றாவது, ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் பிங். எண் போகிறது, பெயர் போகவில்லை என்றால் டிஎன்எஸ். ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று பாருங்கள். விபிஎன் போட்டு எடுத்தவர்களுக்கு, இடிசி அடைவில் இருக்கிற ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் அதன் மிச்சம் நின்றுகொண்டிருக்கும்.

ஹோட்டல், ரயில் நிலையம் மாதிரி இடங்களில் முதலில் ஒரு நுழைவுப் பக்கம் வரணும். டிஎன்எஸ்ஸைக் கையால் மாற்றி வைத்திருந்தால் அந்தப் பக்கம் வராமல் போகலாம். கொஞ்ச நேரத்துக்குத் தானியங்கிக்கே மாற்றிவிட்டு, உள்ளே போனதும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

வந்து வந்து போகிற இணைப்பு

இது எந்தப் படியிலும் சேராத மாதிரி தெரியும். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் விட்டு விட்டு அறுந்தால், கார்டின் மின்சேமிப்பைப் பாருங்கள். ஐடபிள்யூ டெவ், கார்டின் பெயர், செட் பவர்_சேவ் ஆஃப் என்று கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சரியானால் நெட்வொர்க்மேனேஜரின் அமைப்பில் வைஃபை.பவர்சேவ் என்பதை 2 என்று வைத்து நிரந்தரமாக்கலாம் (3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை). பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். லேப்டாப் தூங்கி எழுந்தால் மட்டும் வைஃபை போகிறது என்றால் அது இரண்டாம் படி, டிரைவர் மாட்யூலை எடுத்துத் திரும்ப ஏற்றிப் பார்க்கணும்.

உதவி கேட்கும்போது

இவ்வளவுக்கும் பிறகு சரியாகவில்லை என்றால் யாரிடமாவது கேட்கத்தான் வேணும். அப்போது "வைஃபை வேலை செய்யல" என்று எழுதாமல் நான்கு விஷயம் எழுதுங்கள்: ஆர்எஃப்கில் லிஸ்ட் காட்டியது, எல்எஸ்பிசிஐ-யில் நெட்வொர்க் கன்ட்ரோலர் வரியும் அதன் டிரைவரும், என்எம்சிஎல்ஐ டிவைஸ் ஸ்டேட்டஸ் காட்டியது, பதிவில் ஃபெயில்டு வந்த இடத்துக்கு மேலும் கீழும் பத்து வரி. கூடவே எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு. பதிவை ஒட்டும் முன் பாஸ்வேர்டு ஏதும் அதில் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், இன்டர்ஃபேசஸ் கோப்பில் அது அப்படியே வெளிப்படையாக இருக்கும். இந்த நான்கும் இருந்தால் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் எந்தப் படி என்று சொல்லிவிட முடியும். சொல்லப்போனால் இந்த நான்கையும் எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீக்குகிற கட்டளை எதையும், கையில் வேறு இணைய வழி இல்லாதபோது அடிக்காதீர்கள். முக்கியமான கோப்புக்கு இன்னொரு நகல் இல்லாதபோது ஃபார்மேட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் ஒவ்வொரு படியாகப் பார்த்தால் சரியாகிவிடும்.